நிலமும் பொழுதும்: பாலித் தீவுப் பயண நூல்களில் இடத்தேர்வு

1. முன்னுரை

ஒரு நாட்டைக் காணச் செல்வோர் அந்நாடு முழுவதையும் காண்பதில்லை. சில இடங்களையே காண்கின்றனர். எவற்றைக் காண்பது, எவற்றை விடுவது என்னும் முடிவு பெரும்பாலும் அவர்கள் புறப்படுமுன்னரே செய்யப்பட்டுவிடுகின்றது. அதனைச் செய்பவர், அவர்களுக்கு முன் அங்குச் சென்று வந்து நூலெழுதியவர். ஆகவே, பயண நூலை மதிப்பிடப் புகும் திறனாய்வாளர் நடையழகையும் வருணனைத் திறத்தையும் மட்டும் நோக்கி அமைதல் போதாது. அந்நூல் எவ்விடங்களைத் தேர்ந்தது, எவ்வளவுகோலால் தேர்ந்தது, எவற்றை மறைத்தது என்பனவும் ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்குப் பாலித் தீவு மிகவும் ஏற்ற களமாகும். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ எட்டுப் பாகையில் அமைந்த இச்சிறு தீவின் பரப்பு ஏறத்தாழ 5,600 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 43 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டது. இசுலாம் பெரும்பான்மைச் சமயமாக விளங்கும் இந்தோனேசியாவில், இந்து சமயத்தாரே பெரும்பான்மையினராக வாழும் மாநிலம் இது. 2024இல் இங்கு வந்த வெளிநாட்டார் 60 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 2023இல் ஆஸ்திரேலியருக்கு அடுத்த நிலையில் நின்றவர் இந்தியரே. ஆதலின், பாலியில் எங்குச் செல்வது என்னும் வினா இன்று நம்மவர் பலரும் வினவும் வினாவாயிற்று. அதற்கு நூல்கள் தந்த விடைகளை ஒப்பிட்டு மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆற்றுப்படை தரும் அளவுகோல்

மதிப்பிடுதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். அதனை வெளியே தேட வேண்டுவதில்லை. சென்று வந்தவர் செல்லாதவர்க்கு வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டுள் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படை எனக் கொள்ளப்படுவன. அவற்றைக் கற்பார்க்கு மூன்று உண்மைகள் புலனாகும்.

முதலாவது, அங்கே இடம் மக்களோடு சேர்த்தே காட்டப்படுகின்றது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை வரிசைப்படுத்தும்போது அவ்வூர்களின் தோற்றத்தோடு நிற்பதில்லை. அங்கு வாழ்வோர் யாவர், அவர் எவ்வுணவு தந்து ஓம்புவர் என்பனவற்றையும் உடன் கூறுகின்றது.

இரண்டாவது, செல்வோன் விருந்தினனாகச் செல்கின்றான். மலைபடுகடாம் வழியின் நலங்களோடு இடர்களையும் எடுத்துரைக்கும். பன்றிக்கு வைத்த பொறிகளும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களும், பாம்புறையும் இடங்களும் முன்னரே உணர்த்தப்படும். பிறர் நிலத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதும் வழிகாட்டுதலின் ஒரு கூறு என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது உண்மை திருமுருகாற்றுப்படையால் விளங்குவது. அது கூறும் இடங்களுள் குன்றுதோறாடல் என்பது ஒரு தனியிடத்தின் பெயரன்று என்றே பலரும் கொள்வர்; குன்றுகள் பலவற்றினும் இறைவன் ஆடும் ஆடலை அது குறிக்கின்றது. பழமுதிர்சோலைப் பகுதியோ, விழவுக்களம், சதுக்கம், மன்றம், பொதியில், கடம்பு எனப் பல இடங்களையும் அடுக்கி, வழிபாடு நிகழுமிடந்தோறும் முருகன் வந்து தோன்றுவான் என்கின்றது. இடத்தின் சிறப்பு, அங்கே ஒன்று நிகழும் பொழுதைச் சார்ந்தது என்பதே இதன் கருத்து. முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாக வைத்து, அவற்றைப் பிரியாமற் கூறிய தொல்காப்பிய நெறியோடு இது முற்றும் பொருந்துகின்றது.

இங்கு ஒரு தடை எழலாம். முதற்பொருட் பாகுபாடு அகத்திணைக்கு உரியது. ஆற்றுப்படையோ பாடாண்திணையின் துறை. இரண்டினையும் இணைத்து வேற்று நாடொன்றின் மீது சுமத்துதல் தகுமோ எனின், திணையிலக்கணம் முழுவதையும் பாலிக்குப் பொருத்துதல் நம் கருத்தன்று. காதலொழுக்கமாகிய உரிப்பொருளுக்கு இங்கு இடமில்லை. பொழுதினின்று பிரித்த நிலம் பொருள் குறைந்தது என்னும் ஒரு கருத்தையும், செல்வோர் விருந்தினர் என்னும் ஒரு நெறியையும் மட்டுமே உரைகல்லாகக் கொள்கின்றோம். பாலி மக்களின் வாழ்க்கையே இவ்விரண்டையும் வற்புறுத்துவதைப் பின்னர்க் காண்போம்.

3. தாகூரின் கடிதங்கள்: நினைவு தேர்ந்த இடங்கள்

1927இல் இரவீந்திரநாத தாகூர் மலேயா, ஜாவா, பாலி, சயாம் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி உடன் சென்றார். தாகூர் அப்போது எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒரு நிகழ்ச்சி பலராலும் எடுத்துக் கூறப்படுவது. கரங்காசெம் நாட்டு அரசரோடு அவர் உந்தில் செல்கின்றார். இருவர்க்கும் பொதுமொழி இல்லை. வழியில் கடல் தோன்றியதும் அரசர் அதனைச் சுட்டி, கடலைக் குறிக்கும் வடசொற்களை அடுக்குகின்றார். பின்னர் இந்தியாவின் மலைப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுகின்றார். தாம் ஒருநாளும் காணாத நாட்டின் பெயர்கள் அவர் நாவில் மந்திரம்போல் நின்றன.

இந்நிகழ்ச்சி கற்பார் உள்ளத்தை உருக்கும். ஆயினும், இஃது இந்தியப் பயணிக்கு ஒரு பொறியாகவும் அமைந்துவிட்டது. சட்டர்ஜி தம் நூலின் தலைப்பிலேயே இத்தீவுகளைத் ‘தீவுமய பாரதம்’ என்னும் பொருள்படக் குறித்தார். அப்பெயர் அக்கால நாட்டுப்பற்றின் விளைவு. தம் நாடு அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில், கடல் கடந்த பண்பாட்டுப் பெருமை ஒருவகை ஆறுதலாயிற்று. தாகூர் வேறுபாடுகளைக் காணாதவர் அல்லர். பாலி மக்களின் ஆடலிலும் அணியிலும் அவர்கட்கே உரிய தன்மையை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அவ்வழி வந்த பின்னோர், இந்தியாவை நினைவூட்டும் இடங்களையே தேடிச் சென்றனர். இராமாயணக் கூத்து எங்கே, பீமன் ஓவியம் எங்கே, சிவன் கோயில் எங்கே என்னும் வினாக்களே அவர்தம் இடத்தேர்வை நடத்தின. தன்னையே பிறர் நிலத்தில் தேடுவோன் அந்நிலத்தைக் காண்பதில்லை.

தமிழகத் தொடர்பை நாடுவோர்க்கும் இஃதொக்கும். அத்தொடர்பு பொய்யன்று. பாலியின் வடகரையிலுள்ள செம்பிரானில் 1980களின் இறுதியில் நடந்த அகழாய்வில், உட்புறம் உருள்சக்கரக் கோலமிட்ட மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அவை அரிக்கமேட்டில் கிடைத்தனவற்றை ஒத்தவை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட வணிகத்திற்கு அவை சான்று. எனினும் செம்பிரானில் சுற்றுலாப் பயணி காண்பதற்குக் கோபுரமோ சிலையோ இல்லை. உண்மையான தொடர்பு மண்ணுக்குள் அடங்கிக் கிடக்க, நம் பயணிகள் தோற்ற ஒப்புமைகளில் மகிழ்ந்து திரும்புகின்றனர்.

4. கோவருபியாசும் மெக்பீயும்: தங்கிக் கண்டவர்

மெக்சிகோ நாட்டு ஓவியர் மிகுயெல் கோவருபியாசு 1930இல் தம் மனைவி ரோசாவுடன் பாலிக்குச் சென்றார். கிரெகோர் கிரௌசே என்பார் வெளியிட்ட ஒளிப்படத் தொகுதியே அவரை ஈர்த்தது. 1933இல் மீண்டும் சென்று தங்கி, 1937இல் ‘பாலித் தீவு’ என்னும் நூலை வெளியிட்டார். இன்றுவரை வந்த பயணக் கையேடுகள் பலவற்றுக்கும் செய்திக் களஞ்சியமாக விளங்குவது அந்நூல். அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நூலின் பெரும்பகுதி ஊர் வரிசையில் அமையவில்லை. ஊரமைப்பு, வேளாண்மை, குடும்பம், கலை, கூத்து, விழா, மாயவித்தை, இறப்பு என வாழ்வின் துறைகளே இயல்களாயின. இடம் வாழ்வுக்கு அடங்கி நிற்கின்றது. அதுவே அந்நூலின் ஆற்றல்.

பின்வந்த கையேடுகள் செய்த மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. அவை கோவருபியாசின் செய்திகளை எடுத்துக்கொண்டன. அவர் அமைத்த வரிசையைக் கலைத்துவிட்டன. வேளாண்மை இயலில் அவர் கூறியது வயற்காட்சி ஒன்றின் கீழ் இருவரிக் குறிப்பாயிற்று. இறப்பியலில் கூறியது எரியூட்டு விழாவுக்கான பயணச்சீட்டாயிற்று. வாழ்க்கை பற்றிய நூல் இடப்பட்டியலாகச் சுருங்கியது.

இசையமைப்பாளர் காலின் மெக்பீ வேறொரு வழியைக் கொண்டார். கனடாவிற் பிறந்த அவர், இசைத்தட்டில் கேட்ட கமலான் இசையால் ஈர்க்கப்பட்டு 1930களில் பாலிக்குச் சென்றார். ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலுள்ள சாயான் என்னும் ஊரில் வீடமைத்துத் தங்கினார். அவருடைய ‘பாலியில் ஒரு வீடு’ 1940களில் வெளிவந்தது. அந்நூலில் இடங்கள் குறைவு, பொழுதுகள் மிகுதி. ஓர் ஊரின் இசைக்குழு எவ்விரவில் பயில்கின்றது, எச்சடங்கிற்கு எவ்விசை உரியது, மறைந்துவரும் பண்ணை அறிந்த முதியவர் யாவர் என்பனவே அவர் தேடியவை. சிறுவர்க்கென ஓர் இசைக்குழுவையும் அவர் அமைத்தார். விருந்தினராக வந்து தமக்கியன்றதைத் திருப்பித் தந்தவர் என அவரைக் கூறலாம். ஆற்றுப்படை நெறிக்கு மிக நெருங்கி நிற்பது இந்நூலே.

எனினும் இவ்விருவர்க்கும் ஒரு குறை பொதுவாகும். இருவரும் டச்சு ஆட்சியின் நிழலில், அவ்வாட்சி அமைத்த அமைதிக்குள் இருந்து எழுதினர். கோவருபியாசு அவ்வாட்சியைக் கண்டிக்கத் தயங்கவில்லை. ஆயினும் அழிந்துபோகும் ஓர் இன்பவுலகைப் பதிவு செய்கின்றோம் என்னும் உணர்வே நூலில் ஓங்கி நின்றது. அவ்வுணர்வைக் கற்றுப் பாலிக்குச் செல்வோர், அழியாத இன்பவுலகொன்றை எதிர்பார்த்துச் செல்வாராயினர்.

5. இன்றைய பட்டியல்கள்

1966இல் சானூர்க் கடற்கரையில் பத்து மாடிகளையுடைய பெருவிடுதி திறக்கப்பட்டது. 1969இல் பெருவானூர்திகள் இறங்கத்தக்க பன்னாட்டு விமான நிலையம் அமைந்தது. அதன்பின் பயணிகள் தொகை பெருகப் பெருகப் பட்டியல்களின் ஆட்சி நிலைபெற்றது. தானா லோட் கடற்கோயில், உலுவாட்டு மலைமுனைக் கோயில், பெசாகிப் பெருங்கோயில், தீர்த்த எம்புல் சுனை, உபூது நகரம், தெகல்லாலாங் வயற்படிகள் என்பன ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களிலும் காணப்படும். 2006இல் வெளிவந்த எலிசபெத் கில்பர்ட்டின் நூலும், 2010இல் அதனைத் தழுவி வந்த திரைப்படமும் உபூதை உலகறியச் செய்தன.

இவ்விடங்கள் தகுதியற்றவை அல்ல. குறை, இவை காட்டப்படும் முறையில் உள்ளது. லெம்புயாங் மலைக்கோயிலின் பிளவு வாயில் இதற்குத் தக்க சான்று. அவ்வாயிலின் நிழல் நீரிற் படிந்தாற்போன்ற ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவின. அங்கே நீர்நிலை இல்லை. ஒளிப்படக் கருவியின் அடியில் கண்ணாடித் துண்டொன்றைப் பிடித்து அத்தோற்றம் உண்டாக்கப்படுகின்றது. இஃது 2019இல் செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டது. அங்குச் செல்வோர் பலர் படம் எடுப்பதற்கு வரிசையில் நெடுநேரம் நின்று, மேலுள்ள கோயில்களுக்குச் செல்லாமலே மீள்கின்றனர். இடம் போய் இடத்தின் படம் எஞ்சியது.

உலுவாட்டில் மாலைதோறும் நிகழும் கெச்சாக் ஆடலும் எண்ணத்தக்கது. பழமையானதெனப் பயணிகள் கருதும் இவ்வாடல், இன்றுள்ள வடிவில் 1930களில் உருப்பெற்றது. தெய்வமேறிய நிலையில் நிகழும் சடங்கொன்றின் ஆடவர் குரலிசையோடு இராமாயணக் கதையை இணைத்து, பாலிக் கலைஞரும் செருமானிய ஓவியர் வால்டர் ஸ்பீசும் அதனை அமைத்தனர். இதனால் அது போலி என்பது கருத்தன்று. கலை எக்காலத்தும் புதியது படைக்கும். பாலி மக்களே இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். 1971இல் கூடிய கருத்தரங்கொன்றில் அவர்தம் ஆடல்களைத் தெய்வத்திற்கே உரியன, சடங்கோடு சார்ந்தன, காண்போர் மகிழ்ச்சிக்கு உரியன என மூவகைப்படுத்தினர். விருந்தினர்க்கு எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என வீட்டுக்குரியவர் வகுத்த வரம்பு இது. இவ்வரம்பை எடுத்துரைக்கும் பட்டியல்கள் மிகச் சிலவே.

6. பொழுதின் ஆட்சி

தமிழகத்திலிருந்து பாலிக்குச் செல்வோர் அங்குள்ள கோயிலுள் நுழைந்ததும் திகைப்பது இயல்பு. திறந்த முற்றங்கள், அடுக்குக் கூரை வேய்ந்த மேருக்கள், கல்லால் ஆன வெற்றிருக்கை இவையே காணப்படும். நாள்தோறும் பூசை கொள்ளும் மூலவர் இல்லை. தெய்வங்கள் அங்கே நிலையாக உறைவதில்லை. விழா நாளில் இறங்கி வந்து விருந்தேற்று மீள்கின்றன என்பது அம்மக்களின் கொள்கை. அவ்விழாவை ஓடாலான் என்பர். 210 நாட்களைக் கொண்ட பவுக்கோன் நாட்காட்டியின்படியோ, சக ஆண்டின் திங்கட் கணக்கின்படியோ கோயில்தோறும் அது வரும். அந்நாளில் வெறுமுற்றம் படையல்களாலும் இசையாலும் மக்களாலும் நிரம்பும். மற்றை நாளில் அக்கோயிலைக் காண்போன், கூத்து முடிந்த களரியைக் கண்டவனாவான்.

தீர்த்த எம்புல் பற்றிய செய்தியொன்று இதனைத் தெளிவாக்கும். பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த கல்வெட்டொன்று அருகிலுள்ள மனுக்காயா ஊரில் காக்கப்பட்டு வருகின்றது. ஆண்டுதோறும் நான்காந் திங்களின் முழுநிலா நாளில் ஊரார் அக்கல்லைச் சுனைக்கு எடுத்துவந்து நீராட்டுவர். எழுத்தைப் படிக்க வல்லார் அவருள் ஒருவரும் இல்லை. டச்சுத் தொல்பொருளறிஞர் ஸ்டுட்டர்ஹைம் பின்னர் அதனைப் படித்தபோது, சுனை அமைக்கப்பட்டதாக அது குறிக்கும் நாளும் அதுவே எனக் கண்டார். எழுத்து மறந்துபோயினும் பொழுது மறக்கப்படவில்லை. ஒரு நிலத்தின் நினைவைக் கல் காத்ததினும் நாள் காத்தது மிகுதி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வயல்களுக்கும் இது பொருந்தும். சுபாக் எனப்படும் உழவர் நீர்க் கூட்டமைப்புகள் பலநூறு ஆண்டுகளாக நீரைப் பங்கிட்டு வருகின்றன. எவ்வயலுக்கு எப்போது நீர், எப்போது தரிசு என்பன நீர்க்கோயில்களின் வழியே முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் இம்முறையைப் புறக்கணித்து, உழவரை இடைவிடாது பயிரிடத் தூண்டியது. நீர்த் தட்டுப்பாடும் பூச்சிகளின் பெருக்கமும் விளைந்தன. மானிடவியலறிஞர் ஸ்டீபன் லான்சிங் தம் ஆய்வில், பக்கத்து வயல்கள் ஒருங்கே தரிசாகக் கிடத்தலே பூச்சிகளைத் தடுத்தது என விளக்கினார். 2012இல் யுனெசுகோ சுபாக் நிலங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அங்கும் பயணிகள் பச்சை நிறத்தையே தேடிச் செல்கின்றனர். அறுவடைக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கும் வயலும் அம்முறையின் இன்றியமையாத கூறு என்பதை எப்பட்டியலும் கூறுவதில்லை.

சக ஆண்டுப் பிறப்பாகிய நியெப்பி நாள் இவ்வனைத்திற்கும் முடிமணி. அந்நாளில் விளக்கெரித்தல், தொழில், பயணம், கேளிக்கை நான்கும் விலக்கப்படும். விமான நிலையமும் 24 மணி நேரம் மூடப்படும். வேற்று நாட்டாரும் விடுதியை விட்டு வெளியேறலாகாது. எவ்விடத்திற்கும் செல்லலாகாத அந்நாளே பாலியைப் பற்றி மிகுதியும் கற்பிக்கும் நாள் எனின் மிகையாகாது.

7. பட்டியல் மறைத்த இடங்கள்

இடத்தேர்வின் குறை, மறைத்தலில் மேலும் கொடிதாகின்றது. 1906 செப்டம்பர் 20ஆம் நாள் டச்சுப் படை பாடுங் அரண்மனையை நெருங்கியபோது, அரசரும் சுற்றத்தாரும் வெண்ணிற ஆடை உடுத்து அணிபூண்டு, துப்பாக்கிகளின் எதிரே நடந்து வந்து மாண்டனர். புபுத்தான் என அவர்கள் அழைக்கும் இவ்விறுதிப் போர் 1908 ஏப்ரல் 28ஆம் நாள் கிளுங்குங்கிலும் நிகழ்ந்தது. வீக்கி பாம் 1937இல் எழுதிய புதினம் பாடுங் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்டது. அவ்வீழ்ச்சி நடந்த இடத்தின் அருகிலேயே 1928இல் டச்சுக் கப்பல் நிறுவனம் தென்பசாரில் பயணியர் விடுதியைத் திறந்தது. இன்று அங்கே நினைவுச் சின்னமும் திடலும் உள்ளன. கிளுங்குங்கில் எஞ்சிய வாயிலையும், வளாகத்து நீதிமண்டபத்தையும் காண்போர், கூரையில் தீட்டிய பீமனின் நரகப் பயணத்தை வியந்து நீங்குகின்றனர். அரண்மனை ஏன் இல்லை என வினவுவோர் சிலரே.

1965 திசம்பர் முதல் 1966 தொடக்கம் வரை நிகழ்ந்த படுகொலை இதனினும் ஆழமாக மறைக்கப்பட்டது. பொதுவுடைமையாளர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் ஏறத்தாழ 80,000 பேர் பாலியில் கொல்லப்பட்டனர் என வரலாற்றறிஞர் ஜெஃப்ரி ராபின்சன் மதிப்பிடுவர். அக்காலத் தொகையில் இஃது ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர். மேலே குறித்த சானூர் விடுதி திறக்கப்பட்டது 1966இல் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். தென்பசாரின் கெசிமான் பகுதியில், உறவினரை இழந்த குடும்பத்தார் தம் இல்ல வளாகத்திலேயே ‘தாமான் 65’ என்னும் சிறு நினைவுப் பூங்காவை அமைத்துள்ளனர். ‘இன்பவுலகு’ என்னும் பெயர் பாலி மக்கள் தமக்குத் தாமே இட்டதன்று. அவர் துன்பத்தை நீக்கிய பின்னரே அப்பெயர் நிலைபெற்றது. பயண நூலின் இடத்தேர்வு வெறும் சுவை பற்றியதன்று, அறம் பற்றியது எனக் கூறுவது இதனாலேயாம்.

8. ஆற்றின் வழி ஓர் ஆற்றுப்படை

குறை கூறி ஒழிதல் திறனாய்வின் முழுப்பணி ஆகாது. வேறு எவ்வாறு தேர்வது என்பதையும் சுட்டுதல் வேண்டும். அதற்குரிய குறிப்பு பாலி மக்களின் திசைச் சொற்களிலேயே உள்ளது. காஜா என்பது மலைநோக்கிய திசை. கெலோத் என்பது கடல்நோக்கிய திசை. தீவின் தென்பகுதியில் காஜா வடக்காகும். மலைக்கு வடபுறத்துள்ள சிங்கராஜாவில் அதே சொல் தெற்கைக் குறிக்கும். வீட்டின் கோயிலும், ஊரின் இடுகாடும், உறங்குவோர் தலைவைக்கும் பக்கமும் இத்திசையால் அமைவன. மலையினின்று கடலுக்கு நீர் இறங்கும் வழியே அவர்தம் உலகத்தின் நடுக்கோடு. தமிழில் ஆறு என்னும் சொல் வழியையும் நீரோட்டத்தையும் ஒருங்கே குறித்தல் இங்கு நினைக்கத்தக்கது.

ஆதலின், தீவெங்கும் சிதறிய பத்து இடங்களைத் தேர்வதினும் ஓர் ஆற்றைத் தேர்தல் நன்று. பக்கெரிசான் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பகுதியில் தீர்த்த எம்புல் சுனை. சற்றுக் கீழே குனுங் காவியில், பாறையைக் குடைந்து உருவாக்கிய பதினோராம் நூற்றாண்டு நினைவுக் கோயில்கள் பத்து; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமுடையது. அதே சுனைநீரால் விளையும் சுபாக் வயல்கள் உலக மரபுச் செல்வத்துள் அடங்கியவை. இவ்வாற்றுக்கும் பெத்தானு ஆற்றுக்கும் இடைப்பட்ட பெஜெங்கில், வார்ப்பு வெண்கலத்தால் ஆன பெருமுரசு ஒன்று கோயிலில் உயர்த்தி வைக்கப்பட்டுள்ளது. 1.86 மீட்டர் உயரமுள்ள அம்முரசை வானினின்று வீழ்ந்த நிலா என்பர் ஊரார். இறுதியில் ஆறு கியாஞார்க் கடற்கரையை அடைகின்றது. இறந்தோர் சாம்பல் நீரிற் கரைக்கப்படுவதும், நியெப்பிக்கு முன்னர்த் திருவுருவங்கள் தூய்மை செய்தற்கு எடுத்துவரப்படுவதும் கடற்கரையிலேயாம். மலையிற் பிறந்த நீர் வழிபாடாகி, வயலாகி, வரலாறாகி, இறப்பாகிக் கடல் சேர்வதை ஒரே வழியிற் காணலாம்.

சில நாட்களே தங்குவோர் 210 நாள் காத்திருத்தல் இயலுமோ எனின், வேண்டுவதில்லை. ஊர்தோறும் மூன்று கோயிலேனும் உள்ள நாட்டில் ஏதேனும் ஓரிடத்தில் விழா நிகழாத நாள் அரிது. எனவே, ‘எவ்விடம் புகழ்பெற்றது’ என வினவுதலை விட்டு, ‘இன்று எவ்வூர்க்கு உரிய நாள்’ என வினவுதல் வேண்டும். பொழுதைக் கொண்டு நிலத்தைத் தேர்தல் என்பது இதுவே.

இதனால் ஊர்விழாக்களும் காட்சிப் பொருளாகிவிடுமே என்னும் அச்சம் நியாயமானது. அதற்குக் காப்பு விருந்தினர் நெறியே. இடையில் ஆடையும் கச்சும் அணிதல், பூசகரினும் உயர்ந்த இடத்தில் நில்லாமை, இறப்புத் தீட்டுடையார் புகலாகாது என்பது போன்ற அவர்தம் விலக்குகளை ஏற்றல், அழையாவிடத்துப் படமெடாமை ஆகியன அதன் கூறுகள். பாத்தூர் ஏரிக்கரையிலுள்ள துருன்யானில் இறந்தோர் உடலை மண்ணிற் புதையாது மரத்தடியில் கிடத்துவர். அதனைக் காணப் படகேறும் பயணிகள் பலர். அவ்வுடல்கள் யாரோ ஒருவரின் தாய், தந்தை என நினைப்பவர்க்கு அங்குச் செல்லாமையும் ஒரு தேர்வாகும்.

9. முடிவுரை

தாகூரின் வழிவந்தோர் நினைவைக் கொண்டு இடம் தேர்ந்தனர். கோவருபியாசு வாழ்க்கைத் துறைகளைக் கொண்டு தேர்ந்தார். மெக்பீ ஓரூரில் தங்கிப் பொழுதுகளைத் தேர்ந்தார். இன்றைய பட்டியல்கள் படத்தைக் கொண்டு தேர்கின்றன. இவற்றுள் நிலத்தையும் பொழுதையும் பிரியாது கண்டவை நிலைத்த பயனுடையன. பாலியின் வரலாற்றுத் துன்பங்களையும் உட்கொண்டு, மலை முதல் கடல் வரை ஓர் ஆற்றின் வழியே மக்களோடு சேர்த்துப் பாடும் செலவு நூலொன்று தமிழில் எழுதப்படுமாயின், அது நம் ஆற்றுப்படை மரபின் நேரிய வளர்ச்சியாக அமையும். அதுகாறும், பட்டியலைக் கையிற்கொண்டு பாலிக்குச் செல்லும் நம்மவர் அங்குள்ளாரை முதலில் வினவ வேண்டிய வினா ஒன்றே: இன்று உங்கள் ஊரில் என்ன நாள்?